ஒலிம்பியா ஸோனார்: ஒரு டெலிபோட்டோ லென்ஸின் வரலாறும் பழைய பிலிம் கேமராக்களில் அதன் சோதனையும்

ஒலிம்பியா ஸோனார் என்பது ஜெர்மனியின் யேனா நகரில் இயங்கிய கார்ல் சைஸ் நிறுவனம் 1936இல் வெளியிட்ட ஒரு டெலிபோட்டோ லென்ஸின் பட்டப்பெயர். அதன் குவியத் தூரம் 180 மில்லிமீட்டர். பெருமத் துளை எஃப்/2.8. அந்த ஆண்டு ஆகஸ்டில் பெர்லினில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளை ஒட்டி வந்ததால் இப்பெயர் நிலைத்தது. லென்ஸின் மேல் 'ஒலிம்பியா' என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்காது. தொடக்ககாலப் பிரதிகளில் ஸோனார் என்ற பெயரும், 1:2,8 என்ற அளவும், 18 செ.மீ. என்ற குவியத் தூரமும் மட்டுமே இருக்கும். ஸோனார் என்ற பெயர் சூரியனைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. கடலடியில் ஒலியைக் கொண்டு பொருள்களை அறியும் சோனார் கருவிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த லென்ஸ் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பல வடிவங்களில் தயாரிக்கப்பட்டது. இன்றும் பழைய பிலிம் கேமராக்களைப் பயன்படுத்துவோர் இதைத் தேடி வாங்குகிறார்கள். எண்பது, எழுபது ஆண்டுகள் கடந்த ஒரு லென்ஸை வாங்கும்போது அதன் புகழை நம்புவதா, அதைச் சோதித்து அறிவதா என்ற கேள்வி எழுகிறது. அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இக்கட்டுரையில் 'வில்லை' என்பது தனிக் கண்ணாடித் துண்டையும், 'லென்ஸ்' என்பது பல வில்லைகள் சேர்ந்த முழு அமைப்பையும் குறிக்கின்றன.

டெலிபோட்டோ லென்ஸ் என்றால் என்ன

தொலைவில் உள்ள பொருளைப் பெரிதாகப் படமெடுக்க நீண்ட குவியத் தூரம் வேண்டும். ஒற்றைக் குவிவில்லையைக் கொண்டு 300 மி.மீ. குவியத் தூரம் பெறவேண்டுமானால், வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே ஏறத்தாழ 300 மி.மீ. இடைவெளி தேவை. குவியத் தூரம் கூடக்கூடக் கேமராவும் நீண்டுகொண்டே போகும். இதைத் தவிர்க்க, முன்புறம் ஒளியைக் குவிக்கும் தொகுதியையும், அதற்குப் பின்னால் சற்று விரிக்கும் குழிவில்லைத் தொகுதியையும் வைத்தால், குவியத் தூரம் நீண்டதாகவே இருக்க, லென்ஸின் மொத்த நீளம் அதைவிடக் குறைகிறது. இந்த அமைப்பே டெலிபோட்டோ எனப்படுகிறது. பேச்சுவழக்கில் நீண்ட குவியத் தூரம் கொண்ட எல்லா லென்ஸ்களையும் அப்படி அழைக்கிறோம்.

குவிவில்லையையும் குழிவில்லையையும் சேர்த்து ஒரு திரையில் பெரிய பிம்பத்தை விழவைக்கலாம் என்பதை யோஹன்னஸ் கெப்ளர் 1611இல் வெளியான தம் ஒளியியல் நூலில் விளக்கினார். 1830களில் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ, தொலைநோக்கியின் உருப்பெருக்கத்தைக் கூட்டும் குழிவில்லையை உருவாக்கினார். புகைப்படக் கலைக்கு இக்கருத்து வந்துசேர்ந்தது 1891இல். அவ்வாண்டில் லண்டனில் தாமஸ் ருடால்பஸ் டால்மேயர், பெர்லினில் அடால்ஃப் மீத்தே, மியூனிக்கில் அடால்ஃப் ஸ்டைன்ஹைல் ஆகிய மூவரும் தனித்தனியே டெலிபோட்டோ லென்ஸ்களை வடிவமைத்தனர். டால்மேயர் 1899இல் இத்துறைக்கென ஒரு நூலையே எழுதினார்.

அந்த முதல் தலைமுறைக் கருவிகளில் குவியத் தூரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆனால் அவை மிகக் குறைந்த ஒளியையே உள்ளே விட்டன. மலை, கோபுரம் போன்ற அசையாப் பொருள்களுக்கு அது போதும். ஓடும் மனிதனுக்குப் போதாது. 1905இல் ராத்தெனோ நகரின் எமில் புஷ் நிறுவனம் வெளியிட்ட பிஸ்-டெலார், மாறாக் குவியத் தூரம் கொண்ட முதல் டெலிபோட்டோ லென்ஸாகக் கருதப்படுகிறது. அதன் துளையும் எஃப்/9 தான். எஃப்/2.8 துளை, எஃப்/9 துளையைவிடப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 1936இன் ஸோனார் ஏன் பெரிய பாய்ச்சலாகப் பார்க்கப்பட்டது என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

பெர்ட்டெலேயின் கணக்கு

ஸோனார் வகை லென்ஸ்களை வடிவமைத்தவர் லுட்விக் பெர்ட்டெலே. 1900இல் பிறந்த அவர், டிரெஸ்டன் நகரின் எர்னமான் நிறுவனத்தில் சேர்ந்து, இருபதுகளின் தொடக்க வயதிலேயே எர்னோஸ்டார் என்ற ஒளிமிகு லென்ஸை உருவாக்கினார். 1924இல் அது எர்மனாக்ஸ் கேமராவில் பொருத்தப்பட்டு வந்தது. பளிச்சொளி இல்லாமலேயே மண்டபங்களுக்குள் படமெடுக்க அதனால் முடிந்தது. எரிக் சாலமன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அதைக் கொண்டு அரசியல் தலைவர்களை அவர்கள் அறியாத கணங்களில் எடுத்துப் புகழ்பெற்றார். யூதரான அவர் 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

1926இல் எர்னமான், இகா, கோர்ட்ஸ், காண்டெஸ்ஸா-நெட்டல் ஆகிய நான்கு நிறுவனங்கள் இணைந்து சைஸ் ஐகான் உருவானது. பெர்ட்டெலே அங்கே எர்னோஸ்டாரின் அடுத்த கட்டமாக ஸோனார் வகையை வளர்த்தெடுத்தார். 1932இல் வந்த காண்டாக்ஸ் கேமராவுக்கு 50 மி.மீ. ஸோனார்கள் எஃப்/2, எஃப்/1.5 துளைகளுடன் அமைந்தன.

ஸோனாரின் சிறப்பு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு எதிரொளித்து வீணாகிறது. வீணாகும் ஒளி லென்ஸுக்குள்ளேயே அலைந்து, படத்தின் கருமையான பகுதிகளைச் சாம்பல் பூத்ததுபோல ஆக்கிவிடும். ஐந்து வில்லைகளைத் தனித்தனியாக வைத்தால் காற்றைத் தொடும் பரப்புகள் பத்து. உள்ளே வரும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்குதான் பிலிமை எட்டும். 180 மி.மீ. ஸோனாரில் ஐந்து வில்லைகள் மூன்று தொகுதிகளாக ஒட்டப்பட்டிருப்பதால் அத்தகைய பரப்புகள் ஆறு மட்டுமே. ஏறத்தாழ 78 விழுக்காடு ஒளி பிலிமுக்குப் போகிறது.

எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சை யேனாவில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் கண்டுபிடித்தார். ஆனால் அது முதலில் ராணுவ ரகசியமாகக் காக்கப்பட்டது. பின்னர் பூச்சுள்ள லென்ஸ்களில் 'டி' என்ற எழுத்து இடம்பெற்றது. எனவே 1930களின் ஒலிம்பியா ஸோனாரையும் 1950களின் பிரதியையும் ஒரே லென்ஸாக எண்ணிச் சோதிப்பது சரியாகாது.

கோல்ட்பெர்க் இல்லாத நிறுவனம்

சைஸ் ஐகானின் முதல் தலைமை நிர்வாகி இமானுவேல் கோல்ட்பெர்க். மாஸ்கோவில் பிறந்த யூதர், வேதியியல் அறிஞர். ஒரு பொருளின் ஒளி-நிழல் அளவுகள் பிலிமிலும் தாளிலும் எப்படிப் பதிவாகின்றன என்பதை அளந்தறியும் துறையில் அவர் முன்னோடி. அதுபற்றி அவர் எழுதிய நூல் 1922இல் வெளியானது. ஒரு லென்ஸையோ பிலிமையோ 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லாமல் எண்ணால் சொல்லலாம் என்ற இன்றைய சோதனை முறைக்கு அடித்தளம் இட்டவர்களில் அவரும் ஒருவர். காண்டாக்ஸ் கேமரா அவர் தலைமையிலேயே உருவானது.

1933 ஏப்ரலில் நாஜி அடியாட்கள் அவரை அலுவலகத்திலிருந்து கடத்திச் சென்றனர். சில நாள்களில் விடுவிக்கப்பட்ட அவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸுக்குப் போனார். 1937இல் பாலஸ்தீனம் சென்று அங்கே ஒளியியல் கருவிகள் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். ஒலிம்பியா ஸோனார் வெளிவந்தபோது நிறுவனத்தை உருவாக்கியவர் நாட்டிலேயே இல்லை.

போர்க்காலத்தில் நிலைமை மேலும் கொடியதாயிற்று. டிரெஸ்டனில் எஞ்சியிருந்த யூதர்கள் 1942 நவம்பரில் ஹெல்லர்பெர்க் முகாமில் அடைக்கப்பட்டு, சைஸ் ஐகானின் கோலே ஆலையில் கட்டாய வேலை செய்ய வைக்கப்பட்டனர். 1943 மார்ச் தொடக்கத்தில் அவர்கள் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். ஜெர்மன் ஒளியியல் கருவிகளின் நேர்த்தியைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் இப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

1936: அரங்கின் தூரம்

பெர்லின் ஒலிம்பிக் 1936 ஆகஸ்ட் 1 முதல் 16 வரை நடந்தது. நாஜி அரசு அதைத் தன் பெருமையைக் காட்டும் விழாவாக நடத்தியது; படங்கள் உலகெங்கும் போய்ச் சேர வேண்டும் என்பதில் கவனமாக இருந்தது. புகைப்படக்காரர்களுக்கு அரங்கில் இடங்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. ஓடுபாதையும் தாண்டுகுழியும் தொலைவில் இருந்தன. வேகமான அசைவை உறையவைக்கக் குறுகிய ஷட்டர் நேரம் தேவை. அன்றைய பிலிம்களோ இன்றைய அளவில் பார்த்தால் மந்தமானவை. ஆகவே நீண்ட குவியத் தூரமும் அகன்ற துளையும் ஒருசேர வேண்டியிருந்தன.

லைக்காவும் இப்போட்டியில் இருந்தது. லைட்ஸ் நிறுவனம் 1935இலேயே 200 மி.மீ. எஃப்/4.5 டெலிட் லென்ஸையும், அதனுடன் பயன்படுத்தும் கண்ணாடிப் பெட்டியையும் வெளியிட்டிருந்தது. லைக்கா கேமராவால் புகழ்பெற்ற பால் வொல்ஃப் அந்த ஒலிம்பிக் பற்றித் தனிப் புகைப்பட நூலே கொண்டுவந்தார். சைஸ் தரப்பில் 180 மி.மீ. ஸோனாரின் எஃப்/2.8 துளை, டெலிட்டைவிட இரண்டரை மடங்கு ஒளி தந்தது. கணக்குப்படி 180ஐ 2.8ஆல் வகுத்தால் 64 மி.மீ.; அவ்வளவு அகலமான ஒளிக்கற்றை உள்ளே வரவேண்டியிருப்பதால் முன்வில்லை உள்ளங்கை அளவுக்குப் பெரியதாயிற்று. லென்ஸும் ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது.

ஆரியர் மேன்மையைக் காட்ட நடத்தப்பட்ட அவ்விழாவில், அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். நடத்தியவர்களின் நோக்கம் எதுவாயினும், அரங்கில் நடந்ததைக் கேமராக்கள் பதிவுசெய்தன.

குவிப்புச் சிக்கலும் கண்ணாடிப் பெட்டியும்

காண்டாக்ஸ் தூரமானி வகைக் கேமரா. அதில் புகைப்படக்காரர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. இரு சாளரங்கள் வழியே வரும் பிம்பங்களை ஒன்றாக்கித் தூரத்தை அளக்கிறார். சாளரங்களுக்கு இடையே சுமார் 90 மி.மீ. இடைவெளிதான் உண்டு. 50 மி.மீ. லென்ஸுக்கு இது போதுமானது. 180 மி.மீ. எஃப்/2.8க்கு இது தடுமாறும். 5 மீட்டரில் நிற்பவரை முழுத் துளையில் எடுத்தால் தெளிவாக அமையும் ஆழம் மொத்தமே 13 செ.மீ. அளவுதான், 3 மீட்டரில் 5 செ.மீ.க்கும் குறைவு. மூக்கு தெளிவாக இருக்கும்போது காது மங்கிவிடும்.

முதலில் தூரமானியோடு நேரடியாக இணையும் வடிவில் வந்த ஒலிம்பியா ஸோனாருக்கு, விரைவிலேயே ஃபிளெக்டோஸ்கோப் என்ற கண்ணாடிப் பெட்டி துணையாக வந்தது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே இது பொருந்தும். உள்ளிருக்கும் ஆடி பிம்பத்தைத் தேய்கண்ணாடித் திரைக்குத் திருப்பிக் காட்டும். அதாவது தூரமானிக் கேமராவைத் தற்காலிகமாக ஒற்றை லென்ஸ் எதிரொளிப்புக் கேமராவாக மாற்றியது. அதே 1936இல் டிரெஸ்டனின் இஹாகே நிறுவனம், அந்த ஆடியைக் கேமராவுக்குள்ளேயே கொண்ட 35 மி.மீ. கினே எக்சாக்டாவை வெளியிட்டது. நீண்ட லென்ஸ்களின் எதிர்காலம் அவ்வகைக் கேமராவில்தான் இருந்தது. 1954இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தில், கால் முறிந்து வீட்டில் அடைபட்ட புகைப்படக்காரர் எதிர்வீட்டைப் பார்ப்பது ஓர் எக்சாக்டாவில் பொருத்திய 400 மி.மீ. கில்ஃபிட் லென்ஸ் வழியாகத்தான்.

இரண்டாகப் பிரிந்த பெயர்

1945 பிப்ரவரி குண்டுவீச்சில் டிரெஸ்டனின் கேமரா ஆலைகள் பெரும் சேதமடைந்தன. யேனாவை ஏப்ரலில் அமெரிக்கப் படை பிடித்தது. ஒப்பந்தப்படி அப்பகுதி சோவியத் படையிடம் போகவிருந்ததால், வெளியேறுவதற்கு முன் நிறுவனத்தின் முக்கிய வல்லுநர்களை மேற்கே அழைத்துச் சென்றனர். அவர்கள் ஓபர்கோஹன் ஊரில் புதிய சைஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். சோவியத் அரசு தன் பங்குக்கு யேனாவின் இயந்திரங்களைப் பிரித்தெடுத்தது. 1946 அக்டோபரில் வல்லுநர் பலரைச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசென்றது. காண்டாக்ஸ் செய்யும் கருவிகள் உக்ரைனின் கீவ் நகரிலுள்ள அர்சனால் ஆலைக்குப் போய், 1947 முதல் கீவ் கேமராக்களாக வெளிவந்தன. ஸோனார் வடிவங்கள் ஜூபிட்டர் என்ற பெயரில் தொடர்ந்தன. அவற்றுள் ஜூபிட்டர்-6 ஒலிம்பியா ஸோனாரின் வழிவந்த 180 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ்.

யேனாவில் எஞ்சியவர்கள் ஆலையை மீண்டும் கட்டியெழுப்பினர். 1949இல் டிரெஸ்டனில் காண்டாக்ஸ் எஸ் வந்தது. ஐம்முகப் பட்டகம் வழியாக நிமிர்ந்த பிம்பத்தைக் காட்டிய முன்னோடிக் கேமராக்களில் ஒன்று அது. 42 மி.மீ. விட்டமுள்ள திருகு இணைப்பை, அதாவது எம்42ஐ, அது பரவலாக்கியது. 1956இல் 6×6 செ.மீ. படமெடுக்கும் பிராக்டிசிக்ஸும், 1966இல் அதன் வழிவந்த பென்டகான் சிக்ஸும் வந்தன. 180 மி.மீ. ஸோனார் இந்தக் கேமராக்களுக்கெல்லாம் ஏற்றபடி வெளியானது.

மேற்கு, கிழக்கு இரண்டு சைஸ்களும் பெயர் உரிமைக்காகப் பல நாடுகளின் நீதிமன்றங்களில் வழக்காடின. 1971இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. இதனால் யேனாவில் செய்யப்பட்டுச் சில சந்தைகளுக்குப் போன லென்ஸ்களில் சைஸ் பெயரோ ஸோனார் பெயரோ இருக்காது. 'யேனாவிலிருந்து' என்றும், ஸோனாருக்குப் பதில் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தும் மட்டும் இருக்கும். இவை போலி அல்ல, வழக்கின் தடயம்.

பெர்ட்டெலே போருக்குப் பின் சுவிட்சர்லாந்தின் வில்ட் நிறுவனத்துக்காக வான்வழி நில அளவைக்கான லென்ஸ்களை வடிவமைத்தார். 1985இல் மறைந்தார்.

சோதனைக்கு முன்: இணைப்புத் தூரம்

பழைய லென்ஸைப் பழைய கேமராவில் பொருத்தும்போது முதலில் பார்க்கவேண்டியது இணைப்புத் தூரம், அதாவது லென்ஸ் அமரும் தளத்துக்கும் பிலிமுக்கும் உள்ள இடைவெளி. பென்டகான் சிக்ஸில் அது 74.1 மி.மீ., எம்42இல் 45.46 மி.மீ., எக்சாக்டாவில் 44.7 மி.மீ. இணைப்புத் தூரம் அதிகமுள்ள கேமராவுக்கான லென்ஸை, குறைவாக உள்ள கேமராவில் ஒரு வளையம் வைத்துப் பொருத்தலாம். பென்டகான் சிக்ஸ் ஸோனாரை எம்42 கேமராவில் பொருத்த ஏறத்தாழ 28.6 மி.மீ. நீளமுள்ள குழாய் போதும். எதிர்த்திசையில் இது முடியாது. தொலைதூரப் பொருள்கள் தெளிவாக விழா.

ஒரே லென்ஸ் இரு கேமராக்களில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். 24×36 மி.மீ. பிலிமில் 180 மி.மீ. லென்ஸ் சுமார் 14 பாகைக் கோணத்தைக் காட்டும். 6×6 பிலிமில் அதே லென்ஸ் ஏறத்தாழ 25 பாகையைக் காட்டும். முன்னது விளையாட்டுக்கும் பறவைக்கும் உதவும். பின்னது முகப்படத்துக்கு ஏற்றது.

வேறுவேறு நிறுவனங்களின் உடலையும் லென்ஸையும் சேர்த்துப் பயன்படுத்துவது அக்காலத்தில் பரவலாக இருந்தது. சென்னையைச் சேர்ந்த இயற்கையியல் எழுத்தாளர் மா. கிருஷ்ணன், ஒரு கேமராவின் உடலையும் வேறொன்றின் டெலி லென்ஸையும் தாமே இணைத்துச் செய்த கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். யானைகள் உள்ளிட்ட காட்டு விலங்குகளின் கறுப்பு-வெள்ளைப் படங்களை அத்தகைய கருவியால்தான் எடுத்தார்.

சோதிக்கும் முறை

சோதனையின் நோக்கம் படம் அழகாக வருகிறதா என்று பார்ப்பது அல்ல; குறை வந்தால் அது யாருடையது என்று பிரித்தறிவது. லென்ஸ், கேமரா, பிலிம், எடுப்பவர் ஆகிய நான்கில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருந்தால்தான் விடை கிடைக்கும்.

பிலிம் போடுவதற்கு முன் கண்ணால் பார்க்கலாம். துளையை முழுவதும் திறந்து, பின்புறமிருந்து சிறு விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் உட்புறம் தெரியும். சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தால் பூஞ்சை. பரப்பு முழுதும் மூடுபனி போலிருந்தால், உள்ளே பூசிய மசகு ஆவியாகிப் படிந்தது. விளிம்பில் வானவில் வளையங்கள் தெரிந்தால், ஒட்டப்பட்ட வில்லைகளுக்கு இடையிலுள்ள பிசின் விட்டுப்போகிறது. ஸோனார் ஒட்டுவில்லைகளை நம்பிய அமைப்பு என்பதால் இதைக் கவனமாகப் பார்க்கவேண்டும். முன்வில்லையில் ஓரிரு கீறல்கள் இருந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. மூடுபனி நிச்சயம் தெரியும். துளை இதழ்களில் எண்ணெய் படிந்திருந்தால், தானாக மூடும் வகை லென்ஸ்களில் இதழ்கள் தாமதமாக மூடிப் படம் அளவுக்கு மீறி வெளுக்கும்.

அடுத்தது குவிப்பு. கேமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் செல்லும் தண்டவாளங்களின் மேல் ஒரு தேய்கண்ணாடித் துண்டையோ மங்கலான பிளாஸ்டிக் தகட்டையோ சமமாக வைத்து, ஷட்டரை 'பி' நிலையில் திறந்து வைக்கவேண்டும். அங்கே விழும் பிம்பம்தான் பிலிம் காணப்போவது. முதலில் பார்வைச் சாளரம் வழியாக ஒரு பொருள்மேல் குவித்துவிட்டு, பிறகு இந்தத் தகட்டை உருப்பெருக்கியால் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரியும். எதிரொளிப்புக் கேமராவில் ஆடியோ திரையோ 0.1 மி.மீ. பிசகியிருந்தாலே, 10 மீட்டரில் நிற்பவர்மேல் குவித்த தெளிவு ஏறத்தாழ 30 செ.மீ. முன்னோ பின்னோ போய் விழும். இணைப்பு வளையத்தின் தடிமன் பிசகினாலோ, பார்வைச் சாளரமும் பிலிமும் சேர்ந்தே பாதிக்கப்படுவதால் அவற்றிடையே முரண் வராது. முடிவிலித் தூரம் மட்டும் இடம் மாறும். லென்ஸ்மேல் பழி போடுவதற்கு முன் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளவேண்டும்.

பிறகு படமெடுத்தல். கனமான முக்காலி, ஷட்டரை இயக்கும் கம்பி, நுண்மையான கோடுகளுள்ள ஒரு தட்டையான சுவர், இவை போதும். கேமரா சுவருக்கு நேர் எதிரே இருக்கவேண்டும். எஃப்/2.8இல் தொடங்கி 4, 5.6, 8, 11 எனத் துளையைக் குறைத்து, ஒவ்வொரு படத்துக்கும் துளையையும் நேரத்தையும் தாளில் குறித்துக்கொள்ளவேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு உச்சிவெயிலில் எஃப்/16 என்றால் 1/125 நொடி. அதே வெயிலில் எஃப்/2.8 வைக்க 1/4000 நொடி வேண்டும். பென்டகான் சிக்ஸின் உச்ச வேகம் 1/1000, அதில் எஃப்/5.6 வரைதான் போகலாம். எனவே முழுத் துளையைச் சோதிக்க நிழலையோ மாலை வெளிச்சத்தையோ தேர்ந்தெடுக்கவேண்டும், அல்லது ஒளிகுறைக்கும் வடிகட்டி போடவேண்டும். 1930களின் மந்தமான பிலிமுக்கு வரமாக இருந்த அகன்ற துளை, இன்றைய பிலிமில் நண்பகலில் பயன்படாமல் போய்விடுகிறது.

கையில் பிடித்து எடுத்தால் 1/250 நொடிக்குக் குறையக்கூடாது. முக்காலியில் வைத்தாலும் 1/30 முதல் 1/4 நொடி வரையான வேகங்களில் ஆடி எழும்பும் அதிர்வு படத்தைக் கலைக்கலாம். பெரிய ஆடியுள்ள 6×6 கேமராவில் இது கூடுதல்.

கடைசியாக, எதிர்வெளிச்சம். சூரியன் படத்துக்குச் சற்று வெளியே இருக்குமாறு, கறுப்பான பொருளொன்றை நடுவில் வைத்து, ஒளிமறைப்பு போட்டும் போடாமலும் எடுக்கவேண்டும். பூச்சில்லாத பழைய பிரதிக்கும் பூச்சுள்ள பின்னாள் பிரதிக்கும் உள்ள வேறுபாடு சுவர்ப் படத்தைவிட இங்கேதான் வெளிப்படும்.

முடிவுகளைப் படித்தல்

பிலிமை ஒரே வெப்பநிலையில், வழக்கமாக 20 பாகை செல்சியஸில், உருத்துலக்கி, நெகட்டிவையே பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்ப்பது நல்லது. ஸ்கேன் செய்த படத்தில் ஸ்கேனரின் குறையும் சேர்ந்துவிடும்.

- எல்லாத் துளைகளிலும் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது அசைவு.
- சுவர் மங்கலாகவும் அதற்கு முன்னோ பின்னோ உள்ள பொருள் தெளிவாகவும் இருந்தால் குவிப்புப் பிழை. வேறு கேமராவில் இது மறைந்தால் குற்றம் முதல் கேமராவுடையது.
- முழுத் துளையில் தெளிவான கோடுகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் இருந்து, எஃப்/5.6இல் மறைந்தால் அது லென்ஸின் கோளப்பிறழ்ச்சி. இவ்வயதுடைய ஒளிமிகு லென்ஸில் இது இயல்பு.
- ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலாக இருந்தால் வில்லை இடம்பெயர்ந்திருக்கலாம், அல்லது லென்ஸைக் கழற்றியவர் தவறாகப் பூட்டியிருக்கலாம்.
- படத்தின் ஒரு விளிம்பு கருத்தும் மறுவிளிம்பு வெளுத்தும் இருந்தால் துணி ஷட்டரின் வேகம் சீராக இல்லை.
- படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பிலிமைச் சுற்றும் அமைப்பில் கோளாறு, லென்ஸுக்குத் தொடர்பில்லை.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், 'ஒலிம்பியா ஸோனார் முழுத் துளையில் மென்மையானது' என்ற பரவலான பேச்சில் எவ்வளவு லென்ஸுடையது, எவ்வளவு குவிப்புப் பிழையுடையது என்பது ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகத் தெரியவரும். 13 செ.மீ. ஆழமுள்ள தெளிவைத் தவறவிட்டவர் அதை லென்ஸின் குணம் என்று எண்ணிவிடுவது எளிது.

வழித்தோன்றல்களும் இன்றைய நிலையும்

180 மி.மீ. எஃப்/2.8 என்ற அளவு ஒலிம்பியா ஸோனாருக்குப் பின் ஒரு மரபாகவே ஆயிற்று. ஜப்பானின் நிப்பான் கோகாகு 1953இல் 18 செ.மீ. எஃப்/2.5 நிக்கோரையும், 1970இல் எதிரொளிப்புக் கேமராவுக்கான 180 மி.மீ. எஃப்/2.8 நிக்கோரையும் வெளியிட்டது. 1981இல் நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடியுடன் அதன் மறுவடிவம் வந்தது. யேனாவின் ஸோனாரும் பல்லடுக்குப் பூச்சு பெற்று, கிழக்கு ஜெர்மனியின் கடைசி ஆண்டுகள் வரை தயாரிப்பில் இருந்தது. பென்டகான் சிக்ஸ் இணைப்பையே கொண்ட கீவ் 60 கேமராவிலும் அது பொருந்தும்.

ஒரு பிரதியை எடுத்துச் சோதிக்கும்போது அதன் கூர்மையையும் ஒளிமாறுபாட்டையும் அளக்கலாம். பொறிப்புகளைக் கொண்டு காலத்தை ஓரளவு கணிக்கலாம்: செ.மீ. என்றிருந்தால் பழையது, மி.மீ. என்றிருந்தால் பிந்தையது, 'டி' இருந்தால் பூச்சுள்ளது, பெயர் சுருக்கப்பட்டிருந்தால் வழக்குக் காலத்து ஏற்றுமதி. ஆனால் அந்த லென்ஸ் 1936இல் பெர்லின் அரங்கில் இருந்ததா என்பதை எந்தச் சோதனையாலும் சொல்லமுடியாது. விற்பவர் அவ்வாறு கூறினால் அதற்கு ஆவணம் வேண்டும். கூர்மையான படம் ஆவணமாகாது.

அளந்து பார்த்தபின் நம்பு என்பதே கோல்ட்பெர்க் தம் துறைக்குக் கற்பித்தது. அவரை விரட்டிய நாட்டின் விழாப் பெயரைத் தாங்கிய லென்ஸையும், அவர் வழிவந்த அதே முறையால்தான் இன்று எடைபோடுகிறோம்.